எந்தத் தேதியிலிருந்து ஏழு நாள்?

அப்பா இறந்தது 2020 ஜூன் 8, திங்கட்கிழமை காலை. கொரோனா இல்லை, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அப்போது துபாயில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்தது, நான் எப்படியும் வந்து சேர முடியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும், அதனால் அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். வீடியோ காலில்தான் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கை வலித்து வலித்துக் கீழே இறங்கியதில் பாதி நேரம் எனக்குத் தெரிந்தது ஆட்களின் கால்கள் மட்டும்தான்.

பதினாறாம் நாள் விசேஷம் ஜூன் 23. அதற்காவது வீட்டில் இருக்க வேண்டும் என்று கிளம்பினேன். அந்த இரண்டு வாரத்தில் எனக்கு வந்த சிக்கல் எல்லாமே கடைசியில் ஒரு தேதியிலோ ஒரு தாளிலோ போய்த்தான் முட்டி நின்றது. நோயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், இந்தத் தேதிகளையும் தாள்களையும் பற்றி யாரும் விவரமாக எழுதி நான் பார்க்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஒரு காலம் வந்தால் யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மார்ச் 23 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை இந்தியா நிறுத்தியிருந்தது. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர மே 7-ஆம் தேதி அரசு தொடங்கிய வந்தே பாரத் விமானங்களைத்தான் நம்ப வேண்டும். அதிலும் பணம் இருந்தால் டிக்கெட் எடுத்துவிட முடியாது. தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பாஸ்போர்ட் எண், காரணம் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோயாளிகள், வேலை இழந்தவர்கள் என்று முன்னுரிமைப் பட்டியல் போட்டு அவர்களாகக் கூப்பிட்ட பிறகுதான் டிக்கெட். என் அறையில் கூடத் தங்கியிருந்த நாகர்கோவில் அக்கா மே மாதமே, "போறியோ இல்லையோ, பேரைப் பதிஞ்சு வை" என்று என்னை உட்கார வைத்துப் பதிய வைத்திருந்தார். அந்த ஒரு காரியம்தான் என்னைக் காப்பாற்றியது. அப்பா இறந்த அன்று ராத்திரியே பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, காரணம் மாறிவிட்டது என்று மெயில் போட்டேன், நான்காம் நாள் கூப்பிட்டார்கள். புதிதாகப் பதிந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் முதல் வாரத்திலேயே பெயரைப் பதிந்துவிடுங்கள், நிலைமை மாறினால் அதே எண்ணைச் சொல்லிக் காரணத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ஏறுவதற்கு முன் ஓர் உறுதிமொழிப் படிவம் தந்தார்கள். 14 நாள் தனிமைப்படுத்தலுக்கு ஒப்புக்கொள்கிறேன், என் பொறுப்பில் பயணம் செய்கிறேன் என்றெல்லாம் இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டு நாலு பேரிடம் கேட்டிருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மே 24-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிமுறையில், 7 நாள் அரசு சொல்லும் இடத்திலும் அடுத்த 7 நாள் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கர்ப்பிணிகள், 10 வயதுக்குக் கீழ் குழந்தையோடு வரும் பெற்றோர், கடுமையான நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்கள் ஆகியோரை அந்தந்த மாநில அரசு பார்த்து முடிவு செய்து 14 நாளும் வீட்டிலேயே இருக்க விடலாம் என்றும் அதே வழிமுறையில் இருந்தது. குடும்பத்தில் மரணம். எனக்கே எழுதி வைத்த மாதிரி ஒரு வரி, அது இருப்பதே எனக்குத் தெரியாது.

சென்னையில் இறங்கியது 14-ஆம் தேதி ஞாயிறு இரவு ஒன்பதே கால். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, இரண்டு முகக்கவசம், அந்தக் கோலத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்ததில் காது இரண்டும் புண்ணாகியிருந்தது. குடியேற்றப் பிரிவில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள், அப்புறம் மூக்கிலும் தொண்டையிலும் சளி மாதிரி எடுத்தார்கள், அதற்கு அப்புறம் வருவாய்த் துறை ஆட்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார். அவருடைய அம்மா இறந்திருந்தார். இறப்புச் சான்றிதழ் ஒன்று, கிராம நிர்வாக அலுவலர் முத்திரை போட்ட கடிதம் ஒன்று. அவரை ஓரமாக உட்கார வைத்து, கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தனிமைக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் கேட்டேன்.

"பேப்பர் ஏதும் இருக்காம்மா?"

என்னிடம் இருந்தது போனில் அப்பாவுக்கு மாலை போட்டிருந்த படம். இறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் உண்டு, விசேஷம் முடிந்து நிதானமாகப் பதிந்துகொள்ளலாம் என்று தம்பி இருந்துவிட்டான். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். அந்த அதிகாரி படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "இதை வெச்சு என்னால எழுத முடியாதும்மா, நாளைக்கு என்னைக் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. படத்தைக் காட்டி எல்லாரும் போகலாம் என்றால் அந்த மேஜைக்கு அர்த்தமே இல்லை.

அதனால் சொல்கிறேன், ஊரில் இருப்பவர்களுக்கு மறுநாளே இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்: கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம், நகரம் என்றால் நகராட்சியில் இறப்பைப் பதிவது. சான்றிதழ் வரத் தாமதமானால் பதிந்ததற்கான ரசீதோ, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று எழுதிய கடிதமோ முத்திரையோடு வாங்குவது. உறவைக் காட்ட, நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் அச்சாகியிருந்தால் அதுவே போதும். எல்லாவற்றையும் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது போனில் சார்ஜ் ஆறு சதவீதம்தான் இருந்தது.

எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று சொல்லாமலே பேருந்தில் ஏற்றினார்கள். பணம் கட்டி ஓட்டலில் தங்குபவர்கள் ஒரு வண்டி, இலவச இடம் கேட்டவர்கள் இன்னொரு வண்டி. நான் இலவசம்தான். புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. பதிவேட்டில் பெயர் எழுதும்போது விடியற்காலை நாலரை மணி, தேதி 15.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முத்திரை 14, பதிவேடு 15. ஏழு நாள் எதிலிருந்து? இறங்கிய நாளை விட்டுவிட்டு 15 முதல் எண்ணினால் 21-ஆம் தேதியோடு ஏழு நாள் முடிகிறது, 22 காலை கிளம்பலாம். பதிவேட்டு நாளை விட்டுவிட்டு எண்ணினால் 23 காலைதான். 23 காலை சென்னையில் கிளம்பினால் சுமார் 600 கிலோமீட்டர் கடந்து ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் கேட்டபோது ஒருவர் 22 என்றார், மூன்றாம் நாள் கேட்டபோது வேறொருவர் 23 என்றார். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், இரண்டு பேரிடமும் எழுத்தில் எதுவும் இல்லை. அந்த மூன்று நான்கு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. அறையில் அடைந்து கிடந்ததைவிட, கதவு எப்போது திறக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதுதான் என்னைப் படுத்திவிட்டது. என்னோடு இருந்தவர்கள் சண்டை போட்டதும் இதற்காகத்தான். சாப்பாட்டுக்காகச் சண்டை போட்டவர்களை நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதினேன். விமானம் இறங்கிய நேரம், குடியேற்ற முத்திரையின் தேதி, பதிவேட்டுத் தேதி, அப்பா இறந்த தேதி, விசேஷத் தேதி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி: என்னுடைய ஏழாம் நாள் எது என்று எழுத்தில் தர வேண்டுகிறேன். பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை, மருந்து கொடுக்க வரும் சிஸ்டரின் போனுக்கு அனுப்பினேன், மனு அவர் மூலமாகப் பொறுப்பு அதிகாரிக்குப் போனது. மறுநாள் மதியம் என் மனுவின் கீழேயே "14-ஐ வருகை நாளாகக் கொண்டு 22 காலை விடுவிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். வாயால் நூறு தடவை கேட்டதற்குக் கிடைக்காத பதில் ஒரு தாளுக்குக் கிடைத்தது. பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ் இரண்டையும் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டெஸ்டில் நெகடிவ் வந்த பிறகும் ஏன் அடைத்து வைக்கிறார்கள் என்று பக்கத்து அறைப் பெண் தினமும் கோபப்படுவாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய 2 நாளிலிருந்து 14 நாள் வரை ஆகலாம், நேற்று தொற்றியிருந்தால் இன்று எடுக்கும் மாதிரியில் தெரியாமல் போகலாம். எங்கள் விடுதியிலேயே மூன்றாம் மாடியில் ஒருவருக்கு விமான நிலையத்தில் நெகடிவ், ஆறாம் நாள் காய்ச்சல், மறுபடி எடுத்ததில் பாசிட்டிவ். அவர் நேராக வீட்டுக்குப் போயிருந்தால் வீட்டில் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்களோ. தனிமைப்படுத்தல் வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை. வேண்டியதுதான், ஆனால் உள்ளே வைக்கும்போதே வெளியே விடும் தேதியையும் கையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் பக்கம் கிழவிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது மண்டபம் கேம்ப்பில் போட்டு வைத்திருந்த கதையும் கூடவே வரும். நோய் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கப்பல் ஏற்றுவார்களாம். ராமேஸ்வரம் ரயில் பாதையில் இன்றைக்கும் அந்த ஸ்டேஷனுக்கு மண்டபம் கேம்ப் என்றே பெயர். அந்த ஏழு நாளில் அது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்புக் கட்டில், ஒரு ஃபேன், ஒரு வாளி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மூன்று வேளையும் பொட்டலம் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள், காலையில் கபசுரக் குடிநீர். வைத்தவருக்கு நன்றி சொல்லக் கதவைத் திறந்தால் அவர் படிக்கட்டில் இறங்கியிருப்பார். துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவர் அந்த முழு உடுப்புக்குள் வியர்வை சொட்டச் சொட்ட நடைபாதையைத் துடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றும்போது விரல்கள் தண்ணீரில் ஊறிய மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும், அவரும் சாயங்காலம் அங்கேதான் போக வேண்டும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் மாடியில் நாங்கள் ஒன்பது பேர், அதில் மூன்று பேருக்கு அந்த வாரம் மாதவிலக்கு வந்தது, நாப்கின் கொண்டுவந்தது ஒருத்தி. வெளியே முழு ஊரடங்கு, கேட்கக் கூச்சம், பொட்டலம் கொண்டுவருபவர் ஆண். கடைசியில் சிஸ்டரிடம் சொல்லி வாங்கினோம், அவர் மறுநாளிலிருந்து யாரும் கேட்காமலேயே ஒரு பாக்கெட் மாடிப்படியில் வைத்துவிட்டார். கைப்பையில், செக்-இன் பெட்டியில் இல்லை, கைப்பையில் ஒரு பாக்கெட் நாப்கின், தினமும் சாப்பிடும் மாத்திரை 20 நாளைக்கு, ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், துணி காயப்போட ஒரு கயிறு, இவ்வளவும் வேண்டும். பெரிய பெட்டிகள் எங்களுக்குக் கிடைத்தது அடுத்த நாள் சாயங்காலம்தான்.

அப்புறம் சிம். என் இந்திய சிம் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு எப்போதோ செத்துப்போயிருந்தது. மாவட்டம் தாண்டிப் போக அன்று வாங்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டான இ-பாஸுக்கு விண்ணப்பிக்க ஓ.டி.பி. வேண்டும், அது இந்திய எண்ணுக்குத்தான் வரும். அரசின் கொரோனா செயலியான ஆரோக்கிய சேதுவும் அப்படியே. எல்லாவற்றுக்கும் தம்பி எண்ணைக் கொடுத்து, அவன் ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஓ.டி.பி. படித்துச் சொல்லி, அதற்குள் நேரம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். இந்த அலைச்சலோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு பெரிதே இல்லை.

இ-பாஸ் தனிக் கதை. அன்றைக்கு மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் விதியே நிலையாக இல்லை. ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை 8 மண்டலமாகப் பிரித்து மண்டலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம் என்றார்கள், 25-ஆம் தேதி முதல் மண்டலத்துக்குள்ளேயும் மாவட்டம் தாண்ட வேண்டும் என்று மாற்றினார்கள். நடுவில் 19 முதல் 30 வரை சென்னைக்கும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளுக்கும் முழு ஊரடங்கு. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு எந்த நாளிலும் பாஸ் கட்டாயம், அதற்குத் திருமணம், மருத்துவம், நெருங்கிய உறவில் மரணம் மாதிரியான காரணங்களைத்தான் ஏற்றார்கள்.

தம்பி முதலில் போட்டது நிராகரிப்பு. ஆதாரில் என் முகவரி திருநெல்வேலி மாவட்டம், விண்ணப்பத்தில் தென்காசி மாவட்டம். 2019 நவம்பர் 22-இல்தான் தென்காசி தனி மாவட்டமானது, எங்கள் ஊர் அதில் போய்விட்டது, ஆதாரை யார் மாற்றினார்கள்? இரண்டாவதும் நிராகரிப்பு, இந்தத் தடவை போதிய ஆவணம் இல்லை என்று. அவர்கள் எதிர்பார்த்தது தனிமைப்படுத்தல் முடிந்த சான்று என்று புரிந்தது, அதுவோ 22 காலை வெளியே வரும்போதுதான் கையில் கிடைக்கும். பாஸ் இல்லாமல் வண்டி சென்னைக்குள் வர முடியாது. இங்கேதான் அந்த மனு மறுபடி உதவியது. 22 காலை விடுவிக்கலாம் என்று அதிகாரி எழுதிய அதே தாளையும், தம்பி அதற்குள் ஓடி ஓடிப் பதிந்து வாங்கிய இறப்புச் சான்றிதழையும், முகவரி இப்போது தென்காசி மாவட்டத்தில் வருகிறது என்று வி.ஏ.ஓ. எழுதிய இரண்டு வரிக் கடிதத்தையும் ஒரே பி.டி.எஃப். ஆகச் சேர்த்து மூன்றாவது தடவை போட்டான். 21 சாயங்காலம் பாஸ் வந்தது. நிராகரித்தால் அதே விண்ணப்பத்தை அப்படியே திரும்பப் போடாதீர்கள், என்ன குறை என்று ஒரு வரியாவது வந்திருக்கும், அந்தக் குறைக்கு ஒரு தாள் தேடுங்கள். பணம் கொடுத்தால் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று எங்களையும் ஒருவர் கூப்பிட்டார். அப்படி எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் மாட்டிக்கொண்டதைப் பின்னால் செய்தியில் பார்த்தோம். ஆகஸ்ட் 17 முதல் ஆதாரோ ரேஷன் கார்டோ போன் எண்ணோடு கொடுத்தாலே தாமதமில்லாமல் பாஸ் என்று ஆனது, செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றார்கள். எங்களுக்கு அது இரண்டு மாதம் தள்ளி வந்தது.

22 காலை வெளியே விடும்போது ஒரு சான்று கொடுத்தார்கள். அதில் பெயர், பாஸ்போர்ட் எண், டெஸ்ட் நெகடிவ் என்று மட்டும் இருந்தது. நான் வாசலிலேயே நின்று, வருகைத் தேதி 14, மீதி 7 நாள் வீட்டில், 28-ஆம் தேதியோடு முடிகிறது என்று சேர்த்து எழுதித் தரச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். எழுதிக் கொடுத்தவருக்கும் சலிப்புத்தான். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

பரனூர் சுங்கச்சாவடியில் ஒரு தடவை நிறுத்திப் பாஸைப் பார்த்தார்கள். திருச்சி, மதுரை தாண்டி வந்தோம், மதுரையில் 24 முதல் முழு ஊரடங்கு, நாங்கள் இரண்டு நாள் முந்திக்கொண்டோம். வழியில் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் கிடையாது, நல்ல கழிப்பறை கிடையாது, பெட்ரோல் பங்க்குகளில் சிலர் பூட்டியே வைத்திருந்தார்கள், நான் விழுப்புரத்துக்கு அப்புறம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன், அது தப்பு, மதுரைக்கு வரும்போது தலை சுற்றியது. ராஜபாளையம் தாண்டி மாவட்ட எல்லையில் ஷாமியானா போட்டு எல்லாருக்கும் மறுபடி சளி மாதிரி எடுத்தார்கள். அங்கே இருந்தவர் என் ஆதாரைப் பார்த்து, "திருநெல்வேலின்னு போட்டிருக்கு, பாஸ் தென்காசிக்கு" என்று ஆரம்பித்தார். வி.ஏ.ஓ. கடிதத்தை நீட்டினேன். டிரைவர் அண்ணன், "இந்தத் தங்கச்சி ஒரு ஆபீஸையே கையில வெச்சிருக்கு சார்" என்றார். விட்டுவிட்டார்கள்.

வீடு போய்ச் சேரும்போது ராத்திரி பத்து மணி. வாசல் கதவில் ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று. அம்மா முற்றத்தில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது, நான் அதை அப்போதுதான் நேரில் பார்க்கிறேன். ஒரு எட்டு எடுத்து வைத்தாள், தம்பி, "எம்மா, வேண்டாம்மா" என்றான், நின்றுவிட்டாள். நான் வெளிப்படி வழியாக மாடி அறைக்குப் போனேன். அந்த அறையில் தனிக் கழிப்பறை உண்டு, அதனால்தான் வீட்டில் இருக்க விட்டார்கள். உங்கள் வீட்டில் தனி அறையும் தனிக் கழிப்பறையும் இல்லையென்றால், வயதானவர்கள் இருந்தால், அரசு இடத்திலேயே மீதி நாளையும் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய் எல்லாரையும் சேர்த்து அடைப்பதற்கு அது மேல்.

23 காலை விசேஷம் நடந்தது. மாடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். தம்பி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான், 14 பேர்தான் இருந்தார்கள். சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, பூ போடணும்னா மேல இருந்தே போடு" என்றார். ஒரு தட்டில் அரளிப் பூவைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்கள். மேலேயிருந்து போட்டேன். பாதி காற்றில் கிணற்றடிப் பக்கம் போய்விட்டது, மீதி படத்துக்கு முன்னால் விழுந்தது.

அன்று மதியமே சுகாதார ஆய்வாளரும் வி.ஏ.ஓ.வும் வந்தார்கள். சென்னையிலிருந்து வந்ததால் இன்றிலிருந்து புதிதாக 14 நாள் என்றார் ஆய்வாளர். நான் மேலே நின்றபடியே சான்றைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். 28-ஆம் தேதியோடு முடிகிறது என்ற அந்த வரியைப் படித்தார், போனில் யாரிடமோ பேசினார், "எல்லையில எடுத்த டெஸ்ட் நெகடிவ் வந்தா 28 சரிதான்" என்றார். அந்த ஒரு வரி இல்லையென்றால் ஜூலை 7 வரை மேலேயே இருந்திருப்பேன். முடிவு இரண்டு நாளில் வந்தது, நெகடிவ்.

ஸ்டிக்கர் ஒட்டிய வீடு என்றால் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பால்காரர் நின்றுவிட்டார், தம்பியைக் கடையில் தள்ளி நில் என்றார்கள், துக்கம் கேட்க வர வேண்டியவர்கள் தெரு முனையிலேயே நின்று போன் பண்ணினார்கள். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய வீடுகளில் அப்படி ஒட்டக் கூடாது என்று சொன்னது. எனக்கு அதைப் படித்தபோது எங்கள் எதிர்வீட்டு அத்தைதான் ஞாபகம் வந்தாள். அவள் மட்டும் தினமும் காலையில் ஒரு செம்புப் பாலை எங்கள் மதில் மேல் வைத்து, ஒரு தட்டால் மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போவாள். யாராவது கேட்டால், "அந்தப் பிள்ளைக்கு நோவு இல்லன்னு தாள்ல எழுதியிருக்கு" என்பாளாம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அம்மாவும் நானும் அந்த ஆறு நாளும் பேசியது போனில்தான். அவள் கடைசிப் படியில் உட்காருவாள், நான் மேல் படியில், நடுவில் 13 படி. காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்று இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவோம். அப்பா கடைசி நாள் காலையில் என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார் என்பதையெல்லாம் அப்படித்தான் கேட்டேன்.

29 காலை ஆய்வாளர் வந்து தினசரிக் குறிப்புத் தாளில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஸ்டிக்கரைக் கிழித்தார். முழுதாக வரவில்லை, பசை கதவிலேயே தங்கிவிட்டது. அவர் தெருவைத் தாண்டும் வரை அம்மா திண்ணையில் நின்று பார்த்திருந்தாள். அப்புறம் படிக்கட்டுக்குக் கீழே வந்து, போன் இல்லாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இறங்கி வா தாயி" என்றாள்.